குறைந்த விலையில் புளூ-ரே டிரைவ்: வாங்கும் முன் ஒரு கணக்கு

"கம்ப்யூட்டருக்கு ஒரு புளூ-ரே டிரைவ் வாங்க வேண்டும். இருப்பதிலேயே விலை குறைந்தது எது?"

சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பதால், உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் இந்த மாதிரிக் கேள்விகளை என்னிடம் கொண்டு வருவது வழக்கம். பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன். "படம் பார்க்கவா, பைல்களைப் பத்திரப்படுத்தவா?" பாதிப் பேர் "இரண்டுக்கும்தான்" என்பார்கள். பணம் வீணாவது அங்கேதான் தொடங்குகிறது. பைல்களைச் சேமிக்க நினைப்பவர் டிரைவுக்கும் காலி டிஸ்க்குகளுக்கும் பணம் கொடுத்தால் போதும். படம் பார்க்க நினைப்பவருக்கோ டிரைவின் விலை வெறும் அட்வான்ஸ் மாதிரிதான். அதற்குப் பிறகுதான் மற்ற செலவுகள் வரிசையாக வரும்.

கம்ப்யூட்டருக்குப் புதியவர்களுக்காக முதலில் கொஞ்சம் அடிப்படை. சிடி, டிவிடி, புளூ-ரே மூன்றும் ஒரே அளவுதான். குறுக்களவு 12 செ.மீ. வேறுபாடு அவற்றைப் படிக்கும் லேசர் ஒளியில் இருக்கிறது. சிடி டிரைவ் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. புளூ-ரேக்கு 405 நானோமீட்டர். இதை நீலம் என்று சொன்னாலும் உண்மையில் ஊதா நிறத்துக்குத்தான் நெருக்கம். அலைநீளம் குறையக் குறைய ஒளியை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்க முடியும். ஒரே நோட்டுப் பக்கத்தில் பட்டையான மார்க்கர் பேனாவால் எழுதுவதற்கும் மெல்லிய முனைப் பேனாவால் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். சிடியில் 700 எம்பி, சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி, புளூ-ரே டிஸ்க்கின் ஓர் அடுக்கில் 25 ஜிபி. இரண்டு அடுக்கு என்றால் 50 ஜிபி.

"ஏதாவது சாப்ட்வேர் போட்டு என் டிவிடி டிரைவிலேயே புளூ-ரே ஓட வைக்க முடியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அந்த டிரைவுக்குள் 405 நானோமீட்டர் லேசரே இல்லை. ஆனால் புளூ-ரே டிரைவில் சிவப்பு, அகச்சிவப்பு லேசர்களும் சேர்ந்தே இருப்பதால் பழைய சிடி, டிவிடிகளை அதில் தாராளமாகப் போடலாம். எனவே இதை வாங்கினால் தனியாக டிவிடி ரைட்டர் தேவையில்லை.

கடையில் கவனிக்க வேண்டிய சொல்

பெட்டியின் மேல் 'புளூ-ரே' என்று பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், அது பெரும்பாலும் 'காம்போ' டிரைவாக இருக்கும். அதாவது புளூ-ரே டிஸ்க்கைப் படிக்கும். ஆனால் சிடியிலும் டிவிடியிலும் மட்டுமே எழுதும். புளூ-ரேயில் எழுத வேண்டும் என்றால் 'ரைட்டர்' அல்லது 'ரீரைட்டர்' என்று இருக்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல், எழுதும் வேகப் பட்டியலில் 'பி.டி.-ஆர்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். 'ரீட்' என்ற தலைப்பின் கீழ் மட்டும் இருந்தால் போதாது, 'ரைட்' என்ற தலைப்பின் கீழும் இருக்க வேண்டும். பைல்களைச் சேமிக்க விரும்புபவர்களுக்கு காம்போ டிரைவ் எந்த விலைக்குக் கிடைத்தாலும் லாபமில்லை.

அடுத்த தேர்வு, கேபினட்டுக்கு உள்ளே பொருத்துவதா, வெளியே வைத்துக் கொள்வதா என்பது. உள்ளே பொருத்தும் டிரைவ் வேகமானது. 16எக்ஸ் வரை எழுதும் மாடல்கள் உண்டு. விலையைப் பார்த்து இதற்கு ஆசைப்படும் முன் உங்கள் கேபினட்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். டிவிடி டிரைவ் வைக்கும் 5.25 அங்குல இடம் இப்போது வரும் பல கேபினட்டுகளில் கிடையாது. எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற மாமா ஒருவர் ஆன்லைனில் சலுகை விலையில் டிரைவை வாங்கி விட்டு, "தம்பி, வந்து மாட்டிக் கொடேன்" என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி! சரி, யு.எஸ்.பி.-சாட்டா கேபிள் வாங்கி வெளியிலிருந்து இணைக்கலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்கான சாதாரண கேபிள் 5 வோல்ட் மட்டுமே தரும். முழு அளவு டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதற்குத் தனி அடாப்டருடன் வரும் கேபிள் தேவை. அதன் விலையையும் சேர்த்தால் அவருக்குக் கிடைத்த சலுகை கரைந்துவிட்டது.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் கேபினட்டைத் திறந்து பழக்கமில்லாதவர்களுக்கும் நான் சொல்வது மெல்லிய எக்ஸ்டர்னல் ரைட்டர்தான். பெரும்பாலானவை 6எக்ஸ் வேகம். புளூ-ரேயில் 1எக்ஸ் என்பது வினாடிக்கு சுமார் 4.5 எம்பி, ஆகவே 6எக்ஸ் என்றால் 27 எம்பி. 25 ஜிபி டிஸ்க் முழுவதையும் எழுதி முடிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டு உபயோகத்துக்கு இது தாராளம். மின்சாரத்தை யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்தே எடுத்துக் கொள்ளும் என்பதால் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. பழைய யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லியாம்ப் தரும், 3.0 போர்ட் 900 தரும். எழுதும்போதுதான் லேசருக்கு அதிக மின்சாரம் வேண்டும். டிஸ்க்கைப் படிக்கும் டிரைவ், எழுதும்போது மட்டும் பாதியில் நின்றால், முதலில் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். பல சாதனங்களை ஒன்றாகச் செருகும் யு.எஸ்.பி. ஹப்பில் இணைக்காதீர்கள்.

படம் பார்ப்பவர்களுக்கு

இந்தப் பகுதிதான் பலரை ஏமாற்றுகிறது. விண்டோஸில் புளூ-ரே படம் பார்க்கும் வசதி எப்போதுமே கிடையாது. விண்டோஸ் 8-லிருந்து டிவிடி படத்துக்கே தனி சாப்ட்வேர் வேண்டும் என்றாகிவிட்டது. கடைகளில் விற்கும் புளூ-ரே படங்களில் ஏ.ஏ.சி.எஸ். என்ற பூட்டு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயரில் அதற்கான சாவி கிடையாது. எனவே பவர்டிவிடி போன்ற, பணம் கொடுத்து வாங்கும் சாப்ட்வேர் தேவை. அதையும் ஒரு முறை வாங்கியதோடு முடிந்தது என்று சொல்ல முடியாது. பூட்டின் சாவிகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், அப்டேட் செய்யாத சாப்ட்வேர் புதிய படத்தைத் திறக்க மறுக்கலாம். மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும் எச்.டி.சி.பி. என்ற பாதுகாப்பு முறையை ஏற்க வேண்டும். பழைய வி.ஜி.ஏ. கேபிளில் அது கிடையாது. இதற்கு மேல் ரீஜன் கோடு. உலகை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா 'சி' பகுதி. அமெரிக்காவும் சிங்கப்பூரும் 'ஏ'. அங்கிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் படம் இங்கே ஓடலாம், ஓடாமலும் போகலாம். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள ரீஜன் குறியைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

2016-ல் வந்த 4கே அல்ட்ரா எச்.டி. புளூ-ரே டிஸ்க் இன்னும் வேடிக்கை. அதைக் கம்ப்யூட்டரில் முறைப்படி பார்க்க இன்டெல் பிராசஸரில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். டெஸ்க்டாப்களில் 10-ம் தலைமுறை வரை அது இருந்தது. 11-ம் தலைமுறையிலிருந்து இன்டெல் அதை நீக்கிவிட்டது. ஏ.எம்.டி. பிராசஸர்களில் அது இருந்ததே இல்லை. ஆகவே நீங்கள் புதிதாக, நல்ல விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரில் ஓடாத டிஸ்க், பக்கத்து வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஓட வாய்ப்பு உண்டு. இப்படி ஒரு விதியை யோசித்தவர்களை என்ன சொல்வது!

எனவே படம் மட்டும்தான் நோக்கம் என்றால் என் கருத்து இதுதான்: கம்ப்யூட்டருக்கு டிரைவ் வாங்காதீர்கள். டிவியுடன் இணைக்கும் புளூ-ரே பிளேயர் ஒன்றை விசாரியுங்கள். அதில் சாப்ட்வேர், பிராசஸர் தொல்லை எதுவும் இல்லை. வீட்டில் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் இருந்தால் அதுவும் தேவையில்லை, அதிலேயே புளூ-ரே ஓடும்.

பைல்களைப் பத்திரப்படுத்துபவர்களுக்கு

இங்கே நிலைமை தலைகீழ். விண்டோஸ் 7 முதலே புளூ-ரே டிஸ்க்கில் பைல்களை எழுத எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். பூட்டும் கிடையாது, ரீஜனும் கிடையாது. நான் எக்ஸ்டர்னல் ரைட்டர் வாங்கியது இதற்காகத்தான். அக்காவின் திருமண வீடியோவை ஸ்டூடியோக்காரர் 2012-ல் ஏழு டிவிடிகளில் கொடுத்தார். சில வருடங்களுக்கு முன் எடுத்துப் போட்டபோது இரண்டு டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டர் அடையாளமே காணவில்லை. தாலி கட்டும் இடம் அதிர்ஷ்டவசமாக மற்ற ஐந்தில் இருந்தது. ஆனால் தாத்தா பேசிய பகுதி போனது போனதுதான். ஸ்டூடியோவில் கேட்டபோது அவர்களிடமும் பிரதி இல்லை. மிச்சமிருந்த ஐந்து டிவிடிகளும் ஒரே 25 ஜிபி புளூ-ரே டிஸ்க்கில் அடங்கிவிட்டன.

'அதற்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதாதா?' என்று நீங்கள் கேட்பது சரியான கேள்வி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை எழுத 25 ஜிபி டிஸ்க் 40-க்கு மேல் வேண்டும். எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுத உட்கார்ந்தால் பணமும் நேரமும் தாங்காது. டவுன்லோடு செய்த படங்கள், சாப்ட்வேர்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். போனால் திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் டிஸ்க்கில் எழுதுங்கள். குடும்பப் போட்டோக்கள், வீடியோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், சான்றிதழ்கள். ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்தால் போச்சு. ரான்சம்வேர் வைரஸ் வந்தால், இணைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைல்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரு முறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்கில் முடிந்துபோன பதிவை எந்த வைரஸாலும் மாற்ற முடியாது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

கணக்கு இப்படிப் போட வேண்டும். உங்களிடம் 200 ஜிபி போட்டோக்கள் இருப்பதாக விண்டோஸ் காட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம். 25 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 23.3 ஜிபி என்றுதான் காட்டும் (கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது). ஆக 9 டிஸ்க்குகள் வேண்டும். இதையே டிவிடியில் எழுதினால் 46 ஆகும். இரண்டு பிரதிகள் வேண்டும் என்பதால் 18 டிஸ்க்குகளின் விலையை டிரைவின் விலையோடு கூட்டுங்கள். அதுதான் உண்மையான விலை. 'பி.டி.எக்ஸ்.எல்.' என்று குறிப்பிட்டுள்ள டிரைவில் 100 ஜிபி டிஸ்க்கும் எழுதலாம். ஆனால் ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் 25 ஜிபி டிஸ்க்தான் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

டிஸ்க்கில் 'பி.டி.-ஆர்' ஒரு முறை எழுதுவது, 'பி.டி.-ஆர்.இ.' அழித்து எழுதுவது. பத்திரப்படுத்த முதல் வகையே சரி. உறையில் 'எல்.டி.எச்.' என்று இருந்தால் தவிர்த்து விடுங்கள். அவற்றில் சிடி, டிவிடிகளில் உள்ளது போன்ற கரிமச் சாயம் இருக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் அதற்கு ஆகாது. மற்ற சாதாரண பி.டி.-ஆர் டிஸ்க்குகளில் கனிமப் படலம் இருப்பதால் கூடுதலாகத் தாங்கும்.

2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம் எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்க்குகளைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெர்பாட்டிம் போன்ற கம்பெனிகளின் டிஸ்க்குகள் கிடைக்கின்றன. இருந்தாலும் வரும் வருடங்களில் டிரைவும் டிஸ்க்கும் மலிவாகும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. வாங்குவதானால் டிரைவோடு சேர்த்துத் தேவையான டிஸ்க்குகளையும் வாங்கிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியையும் கண்டிப்பாக விட்டு வையுங்கள்.

டிரைவ் வந்த முதல் வாரத்திலேயே, கடைக்காரர் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள், ஒரு டிஸ்க்கை முழுவதுமாக எழுதிப் பாருங்கள். காலி டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழிகளைக் காட்டும். 'லைக் எ யுஎஸ்பி பிளாஷ் டிரைவ்' என்பதை விட்டுவிட்டு, 'வித் எ சிடி/டிவிடி பிளேயர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதில் எல்லா பைல்களும் ஒரே மூச்சில் எழுதப்பட்டு டிஸ்க் முடித்து வைக்கப்படும். நான் பயன்படுத்துவது இம்ஜ்பர்ன் என்ற இலவச சாப்ட்வேர். 2013-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை என்றாலும் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதில் 'வெரிபை' என்ற பெட்டியில் டிக் செய்துவிட்டால், எழுதி முடித்தபின் டிஸ்க்கை மறுபடி படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. டெஸ்க்டாப்பில் எழுதுபவர்கள் யு.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம். பாதியில் மின்சாரம் போனால் அந்த டிஸ்க் குப்பைக்குத்தான்.

எழுதி முடித்த டிஸ்க்கின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். டிஸ்க்கில் எழுதுவதற்கென்றே விற்கும் மார்க்கரால் தேதியையும் உள்ளே இருப்பதையும் குறித்து, உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். இரண்டாவது பிரதி அதே அலமாரியில் இருந்தால் பயனில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதை அம்மா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.