ஆறு நகர்த்திய துறைமுகம்

பாபநாசத்திற்கு மேலே, கல்யாண தீர்த்தத்தில், தாமிரபரணி பாறையிலிருந்து குதிக்கும் அழகைக் கண்டு களித்தவர் அநேகர். அந்த ஜலம் போய்ச் சேரும் கடற்கரையின் சரித்திரத்தை அறிந்தவர் சிலரே.

மழைக்காலத்தில் ஆறு வெறும் நீராக வருவதில்லை. வழியிலுள்ள மண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. அந்த வண்டலைக் கடல்முகத்தில் ஆண்டுதோறும் இறக்கிவைக்கிறது. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை ஒரு காலத்தில் கடலை ஒட்டிய பட்டினம். இன்றோ அங்கே வயலும் வாழையுமே கண்ணிற் படும். கடல் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. கொற்கை தூர்ந்தபின் வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அங்கே அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதைப் பற்றி எழுதினார். காயலையும் மண் விடவில்லை. அடுத்துப் புன்னைக்காயல் தலையெடுத்தது. போர்ச்சுகீசியர் அங்கே கோட்டை கட்டினர்.

கடைசியில் வாழ்வு பெற்றது தூத்துக்குடி. ஆற்றின் முகத்துவாரத்திற்கு வடக்கே ஒதுங்கி நிற்பதால் அதற்கு வண்டலின் தொல்லை குறைவு. எதிரிலுள்ள தீவுகள் அலையையும் தடுத்தன. 1658-இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். பின்னர் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1866-இல் நகரசபை ஏற்பட்டது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இவ்வூரிலேதான்.

ஆனால் ஆற்றை விட்டு விலகிய ஊருக்கு ஆற்று நீரும் இல்லாமற் போயிற்று. கிணறு தோண்டினால் உப்பு, மழையோ சொற்பம். கப்பல் வந்து நிற்கும் பட்டினத்தில் ஜனங்கள் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அலைந்தார்கள். நகரசபைத் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து இக்குறையைத் தீர்க்க முனைந்தார். வல்லநாட்டில் தாமிரபரணி நீரை எடுத்துக் குழாய் வழியே கடற்கரை வரையில் கொண்டுவரச் செய்தார். அந்நகரத்தார் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கின்றனர்.

2008-இல் தூத்துக்குடி மாநகராட்சியாயிற்று. வீடுகளோடு ஆலைகளும் இன்று அதே ஆற்றை நம்பியிருக்கின்றன. கடைசி அணையாகிய ஸ்ரீவைகுண்டத்தில் ஆலைகளுக்கென்று நீர் எடுப்பதை எதிர்த்து உழவர்கள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர்.

முன்னே ஆறு மிகுதியாய்க் கொடுத்த மண்ணால் துறைமுகங்கள் அழிந்தன. இனி நீர் குறைந்தால் துறைமுகம் நகர்ந்து பயனில்லை. நகர்வதற்கு இந்தச் சீமையில் வேறொரு பொருநையும் இல்லை. குடிக்கும் வாய்க்கும் விளையும் வயலுக்கும் முதற்பங்கு என்பதை மாநகரம் மறவாதிருத்தல் நலம்.