தோட்டத்து ஆஸ்பத்திரியும் டவுன் ஆஸ்பத்திரியும்

தோட்டத்து டிரஸர் கொடுத்த மருந்துக்கு உங்கள் தாத்தா காசு கொடுத்ததில்லை. அப்படியானால் அந்தச் செலவை ஏற்றது யார் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

தோட்ட நிர்வாகம்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அதைக் கடமையாக்கியிருந்தது. பெரிய தோட்டங்கள் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்தன. சிறிய தோட்டங்கள் பல சேர்ந்து பொது ஆஸ்பத்திரி ஒன்றை நடத்தின. ஆள் பலமும் ரப்பர் விலையும்தான் அந்த ஆஸ்பத்திரிகளைத் தாங்கி நின்ற இரண்டு கால்கள்.

இரண்டும் ஆட்டம் கண்டன. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1950களில் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு பால் மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது. நூறு குடும்பம்கூட இல்லாத தோட்டத்தில் ஆஸ்பத்திரி எப்படி நிலைக்கும்?

தெலுக் இந்தான் அரசாங்க மருத்துவமனையின் கதை வேறு. அதன் செலவை ஏற்பது சுகாதார அமைச்சு. ரப்பர் விலை விழுந்தாலும் அதன் கதவு மூடாது. குடிமக்கள் சீட்டு எடுக்க 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 வெள்ளி. நாம் கட்டுவது உண்மைச் செலவில் ஒரு சிறு பங்கே, மற்றது வரிப்பணம். ஈப்போவின் தனியார் மருத்துவமனைகளோ நோயாளி கட்டும் பில்லில்தான் வாழ்கின்றன.

அப்படியிருந்தும் நம்மவர் பலர் நோய் முற்றும்வரை வீட்டிலேயே கிடக்கிறார்கள். காரணம் அந்த 1 வெள்ளி அல்ல. வண்டிச் செலவும் போய்விடும் நாள் சம்பளமும்தான். ஆகவே இவற்றை மனத்தில் வையுங்கள்:

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ லீவு உண்டு. வார்டில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. டாக்டரின் சான்றிதழை வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் உடற்பரிசோதனை இலவசம்.

நீல அடையாளக் கார்டு இல்லாதவருக்குக் கட்டணம் பல மடங்கு. வீட்டில் யாருக்காவது அது இல்லையென்றால், பிறப்புப் பத்திரத்தைத் தேடும் வேலையை இன்றே தொடங்குங்கள். நோய் வந்தபின் அதற்கு நேரம் இருக்காது.

டிரஸர் வீட்டு வாசலுக்கே வந்த காலம் போய்விட்டது. இனி நாம்தான் போக வேண்டும். அதையும் காலத்தோடு போக வேண்டும்.