கைக்கெட்டும் கணினி - 17: ரினியூவல் 800 ரூபாய்

கீழ்வேளூரில் பெரியப்பா வீட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பில் கிடந்தது. ‘ஆபீஸ் + தமிழ் டைப்பிங், 1 வருஷம், ரூ.1,200’. வாய்க்கால் தூர்வாரக் கேட்கும் மனுவிலிருந்து கேடிலியப்பர் கோயில் விசேஷ நோட்டீஸ் வரை தெருவில் எதை டைப் அடிப்பதென்றாலும் பெரியப்பாதான். கணினியைத் திறந்து, உதவிப் பட்டியலின் கடைசி வரியைத் தட்டினேன். ‘லிப்ரே ஆபீஸ்’ என்று வந்தது. தமிழுக்கு இருந்தது எ-கலப்பை; முகுந்தராஜின் ‘தமிழா!’ குழு ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தது. இரண்டுக்கும் காசில்லை.

“வருஷா வருஷம் 800 கட்டலேன்னா நின்னு போயிடும்னுச்சே அந்தத் தம்பி!” என்றார் பெரியப்பா.

கடையின் பெயர் இங்கே வேண்டாம். அந்தத் தம்பி காசு வாங்கியதையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். வெயிலில் வண்டி ஓட்டி வந்து, வைரஸ் துடைத்து, பிரிண்டரை இணைத்துவிட்டுப் போக அரை நாள் ஆகியிருக்கும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-ல் தன்னுடைய ஈமேக்ஸ் நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தான். 1989-ல் அவர் எழுதிய ஜிபிஎல் உரிமமும் விற்காதே என்று சொல்லவில்லை. விற்றால் மூல நிரலையும் கேட்டவருக்குக் கொடு, வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுப்பதைத் தடுக்காதே என்கிறது, அவ்வளவுதான். தம்பி செய்த தப்பு அந்த ‘1 வருஷம்’. இல்லாத கெடுவுக்கு விலை வைத்துவிட்டார்.

பெரியப்பாவுக்கு உரிமம், நிரல் என்றெல்லாம் சொன்னால் ஏறாது. நெல் ஜெயராமனைச் சொன்னேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர், 2018-ல் மறைந்தார். 2 கிலோ விதை நெல் வாங்கிப் போகிறவர் மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. விளைந்ததை விற்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு சிவப்பரிசியைச் சாக்கில் கட்டி ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று எழுதினால்? “அது களவாணித்தனம்ல” என்றார் பெரியப்பா. (விதை கொடுக்கக் கொடுக்கக் குதிரில் குறையும், மென்பொருள் குறையாது. உவமை அந்த இடத்தில் கொஞ்சம் நொண்டும்.)

இந்தக் களவாணித்தனம் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரை விலை கொடுத்து விடுவித்தது பொதுமக்கள்தான். 2002-ல் ஏழே வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டி அதன் மூல நிரலை வாங்கினார்கள். பிறகு அதையே ‘இல்யூஷன்மேஜ்’, ‘3டி மேஜிக்ஸ்’ என்று பேர் மாற்றிச் சிலர் விற்றார்கள். விற்க உரிமமே இடம் தருவதால், விற்றதற்காக வழக்குப் போட வழியில்லை. எனவே பிளெண்டர்காரர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லியே, இது எங்களுடையது, எங்களிடம் சும்மாவே கிடைக்கும் என்று ஊரறிய எழுதி வைத்தார்கள்.

லிப்ரே ஆபீஸுக்கு நடந்தது வேறு. 2018-ல் யாரோ ஒருவர் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதை அதே பேரிலேயே 2.99 டாலருக்கு வைத்துவிட்டார். அது எங்கள் வெளியீடு அல்ல, அந்தப் பணம் எங்களுக்கு வருவதில்லை என்றது லிப்ரே ஆபீஸை நடத்தும் ஆவண அறக்கட்டளை. நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ‘லிப்ரே ஆபீஸ்’ என்ற பேர் அவர்களின் வணிகச் சின்னம். இந்த மாதிரிச் சண்டையில் கைகொடுப்பது பெரும்பாலும் பேருக்கான உரிமைதான். ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தது பின்னால் அவர்கள் செய்த காரியம்: தாங்களே கடை போட்டார்கள். 2022-ல் ஆப்பிள் ஸ்டோரில் 8.99 யூரோ விலை வைத்து, அந்தப் பணம் மென்பொருள் வளர்ச்சிக்குப் போகும் என்றார்கள். அவர்களுடைய தளத்தில் பழையபடி இலவசம்தான்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியப்பா போனை எடுத்தார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, பிரிண்டர்ல மை திட்டுத் திட்டா வருது, வந்து பாத்துட்டுப் போ. பாத்ததுக்குக் காசு வாங்கிக்க. அந்த ரினியூவல் பேச்சை மட்டும் எடுக்காத.”

(தொடரும்)