ஓசூருக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா?

கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே, லாரியும் லேத்துமாக இரையும் ஓசூரில் உட்கார்ந்து கடலாமையைப் பற்றிப் பேசலாமா? தாராளமாக! நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரியைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலில்தான் போய் விழுகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை அது! கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் மலைமலையாக நுரை பொங்குமே, அந்தத் தண்ணீர் போகிற வழியும் அதுதான்.

ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது எது தெரியுமா? மணல்! சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் வேடிக்கை. பேராமை சின்ன வயதில் அசைவம். வளர்ந்ததும் கிட்டத்தட்ட சுத்த சைவம், மன்னார் வளைகுடாவின் கடற்புல்லை மாடு மாதிரி மேயும்! அழுங்காமையோ, கண்ணாடி ஊசி போன்ற முள் நிறைந்த கடற்பஞ்சை மென்று விழுங்கும். எந்த வயிறோ அது!

'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்று ஆமையிடம் கேட்கவா முடியும்? ஆய்வாளர்கள் தோலில் ஒரு துணுக்கு எடுத்து, அதிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்து, எந்த மாதிரிக் கடலில் மேய்ந்தது என்று ஊகிக்கிறார்கள். தலை எண்ணுவதுதான் பெரும்பாடு. ஆண் ஆமை கடலில் இறங்கினால் பெரும்பாலும் கரைக்குத் திரும்புவதே இல்லை! அதனால் பெண் ஆமைகள் வெட்டும் குழிகளை எண்ணுகிறார்கள். சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் ராத்திரி ராத்திரியாக நடந்து இதைச் செய்கிறார்கள். ஒடிசாவில் 2021இல் அடையாளத் தகடு மாட்டிய ஒரு பங்குனி ஆமை, 2025இல் மகாராஷ்டிரத்தின் குஹாகரில் முட்டையிட வந்து நின்றதே! கிழக்குக் கடற்கரை எங்கே, மேற்குக் கடற்கரை எங்கே!

சரி, கடலுக்குப் போகாமல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே பார்க்க ஒரு அபூர்வ ஆமை உண்டு, தெரியுமா? காவிரியில் வாழும் லீத் மென்னோட்டு ஆமை. செதில் இல்லாத தோல் ஓடு, குழாய் போல நீண்ட மூக்கு. உடம்பை மறைத்து மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்கும்! உலகிலேயே இந்தியத் தீபகற்ப ஆறுகளில்தான் இருக்கிறது, அதுவும் அழிவின் விளிம்பில். 2022 நவம்பரில், இந்த ஆமையும் வாழும் கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது. அதே மாதம் பனாமாவில் கூடிய சைட்டீஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தம்) மாநாடு, இந்த ஆமையின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை போட்டது. புலிக்கு உள்ள அதே தடை!

ஒகேனக்கல் பக்கம் வலையில் தட்டையான, மூக்கு நீண்ட ஆமை சிக்கினால் குழம்புக் கணக்குப் போடாதீர்கள். அறுத்துவிட்டு வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள். அறுக்கச் சொன்னது வலையை!