இரும்பும் பித்தளையும் – 7: இறுகிப்போன போல்ட்

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, ஜெர்மானியர் திறந்துவிட்ட குளோரின் வாயுவை எதிர்கொண்ட கனடா வீரர்களின் கையில் இருந்தது ராஸ் மார்க் 3 ரைஃபிள். வேகமாகச் சுடச் சுட அதன் போல்ட் இறுகியது. பூட்ஸ் காலால் உதைத்தும், மண்வெட்டிக் காம்பால் அடித்தும் அதைத் திறந்தார்கள். பலர் அதை வீசிவிட்டு, மாண்டுகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். ராஸைத் தாங்கிப்பிடித்த கனடா அமைச்சர் சாம் ஹியூஸ், பிரிட்டிஷ் தோட்டாக்கள்தான் மோசம் என்றார். எதிர்த்தவர்கள் துப்பாக்கியே மோசம் என்றார்கள். அறிகுறி ஒன்று என்பதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இரு தரப்பும் நம்பிவிட்டன. கோளாறு அறியும் வேலை தடம் மாறியது அங்கேதான்.

ஹியூஸ் சொன்னதில் உண்மை இருந்தது. போர்க்கால அவசரத்தில் பிரிட்டனில் செய்து குவித்த .303 தோட்டாக்கள் அளவில் கூடியும் குறைந்தும் வந்தன. ராஸின் தோட்டா அறையோ இறுக்கமாகக் கடையப்பட்டது. கனடாவில் செய்த தோட்டாக்கள் அதில் சரளமாகப் போய்வந்தன. அறையை அகலப்படுத்தியதும் நிலைமை ஓரளவு தேறியது. ஆனால் முழுதாகத் தீரவில்லை, ஏனெனில் இரண்டாவது கோளாறு தோட்டாவைத் தொடாத இடத்தில் இருந்தது. போல்டைப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் தலையிலுள்ள பூட்டு மரையின் பின்னோரம், போல்டை நிறுத்தும் சிறு இரும்பின்மேல் மோதியது. போதிய கடினமில்லாத எஃகு மெல்ல நசுங்கியது. நசுங்கிய மரை தன் பள்ளத்தில் ஏற மறுத்தது. அந்த நிலையில் உள்ளே எந்தத் தோட்டா இருந்தாலும் போல்ட் இறுகும், தோட்டாவே இல்லாவிட்டாலும் இறுகும்.

அதே சேற்றில் அதே தோட்டாவை லீ-என்ஃபீல்ட் சுட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் அறை தாராளமானது, கைப்பிடியைத் தூக்கும்போதே நெம்பித் தோட்டா உறையைப் பெயர்க்கும் அமைப்பும் அதற்கு உண்டு. அதற்கு ஒரு விலையும் உண்டு: அகன்ற அறையில் பித்தளை அதிகம் விரியும், உறையின் ஆயுள் குறையும். .303 உறைகளில் மறுபடி மருந்து நிரப்புகிறவர்கள் இன்றுவரை அந்த விலையைக் கொடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்த தோட்டாவை நிதானமாகச் சுட்ட குறிசுடும் வீரர்களோ, 1916-ல் மற்றவர்களிடமிருந்து ராஸ் திரும்பப் பெறப்பட்ட பிறகும் அதை விரும்பி வைத்துக்கொண்டார்கள்.

மருந்து நிரப்பும் ரீலோடிங் மேசையில் நடப்பதும், காரணம் ஒன்றுதான் என்று முடிவுகட்டும் அதே அவசரம்தான். போல்ட் மூட மறுத்தால், உறையை அளவுக்குக் கொண்டுவரும் டையை உடனே கீழே திருகுகிறார்கள். .308 போன்ற விளிம்பற்ற தோட்டாவில் அதனால் உறையின் தோள்பட்டை தேவைக்குமேல் பின்னுக்குப் போனால், சுடும்போது உறை நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே அறுந்துபோகலாம். உண்மைக் காரணம் அளவுக்கு மீறி வளர்ந்த கழுத்தாகவோ, நீட்டிப் பொருத்திய குண்டாகவோ இருந்திருக்கலாம். முதலில் வெற்று அறையில் போல்டை மூடிப் பாருங்கள். அடுத்து டையில் அளவுக்குக் கொண்டுவந்த வெற்று உறை, அதன்பின் மருந்தும் பிரைமரும் இல்லாமல் குண்டு மட்டும் பொருத்திய மாதிரித் தோட்டா. எந்தப் படியில் இறுகுகிறதோ, கோளாறு அந்தப் படியில் புதிதாகச் சேர்ந்ததில் இருக்கிறது. இறுகிய உறையிலோ மாதிரித் தோட்டாவிலோ மார்க்கர் மை பூசி உள்ளே விட்டு எடுத்தால், உரசிய இடம் பளிச்சென்று தெரியும். அதைப் பார்க்கும்வரை டையில் கை வைக்காதீர்கள்.