தண்ணீர் போகும் வழி – 9: ஆறு மாதம் மூடிக்கிடந்த தீவு

பிலிப்பைன்ஸ் நாட்டின் பொராக்காய் தீவை 2018 ஏப்ரல் 26 அன்று அரசு மூடியது. புயலோ, போரோ, தொற்றுநோயோ காரணமில்லை. சாக்கடை. முந்தைய ஆண்டில் 20 லட்சம் பேர் வந்துபோன இடத்தை, அன்றைய அதிபர் துதெர்தே 'மலக்குழி' என்றே சொல்லிவிட்டார்.

தீவின் பரப்பு ஆயிரம் ஹெக்டேரைச் சற்றுத் தாண்டும். இடுப்புப் பகுதியில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூடக் கிடையாது. மேற்கே 4 கிலோமீட்டர் நீளத்துக்கு மாவு போன்ற வெள்ளை மணல். உலகம் பார்த்த படங்களெல்லாம் அந்தக் கரையில் எடுத்தவை. கிழக்கே புலாபோக் கரை. மழைநீருக்கென்று போட்ட குழாய் கறுப்புத் தண்ணீரை அங்கேதான் கடலில் கொட்டியது.

தீவில் சுத்திகரிப்பு நிலையம் இல்லாமலா இருந்தது? இருந்தது. பாதாளச் சாக்கடையும் இருந்தது. ஆனால் அதிகாரிகள் சோதனைக்குப் போனபோது, பார்த்த 150 நிறுவனங்களில் 25 மட்டுமே அதில் இணைந்திருந்தன. மற்றவை செப்டிக் டேங்கை நம்பின. அல்லது திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் குழாயைச் செருகின. கழிவுநீர்ப் பிரச்சினை என்றதும் எல்லா ஊர்களிலும் புது நிலையம் கட்டத்தான் பணம் ஒதுக்குகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரையிலான அந்தச் சில அடி இணைப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொராக்காய் கெட்டது அந்தச் சில அடிகளில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சுற்றுலா ஊருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சுத்திகரிப்புத் தொட்டியில் வேலை செய்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். காற்றை ஊதிக்கொடுத்தால் அவை கழிவைத் தின்று பெருகும். வரும் கழிவின் அளவுக்கேற்பத்தான் அவற்றின் எண்ணிக்கையும் இருக்கும். விடுமுறை வாரத்தில் கூட்டம் திடீரென்று பெருகினால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. ஓட்டல் சமையலறை எண்ணெய் வேறு குழாய்களில் படிந்து அடைக்கும். சாதாரண சுத்திகரிப்பில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் முழுதாகப் போவதுமில்லை. கடலுக்குப் போனால் அவை பாசிக்கு உரம். வெள்ளை மணலோரம் ஆண்டுதோறும் பச்சைப் பாசி ஒதுங்கும். அது இயற்கைதான் என்று வாதிட்டவர்கள் அங்கே உண்டு. இத்தனை சாக்கடையைக் கடலில் விட்டுக்கொண்டு அப்படி வாதாடியதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூடிய ஆறு மாதத்தில் சாலைகளைத் தோண்டினார்கள், திருட்டுக் குழாய்களைப் பிடுங்கினார்கள், கரையை ஆக்கிரமித்த கட்டடங்களை இடித்தார்கள். 50 அறைகளோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல்கள் சொந்தச் சுத்திகரிப்பு அமைப்பு வைத்தே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டார்கள். தீவை மூடியதற்கு விலை கொடுத்தவர்கள் குழாயைச் செருகியவர்கள் மட்டுமல்லர். அறை துடைத்தவர்கள், படகு ஓட்டியவர்கள், மணலில் பழம் விற்றவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்தார்கள். விதியைக் காலத்தில் அமல்படுத்தியிருந்தால் அவர்களுக்கு அந்த ஆறு மாதப் பட்டினிப் பயம் வந்திருக்காது. சுத்தமான தண்ணீருக்கான சட்டம் அந்த நாட்டில் 2004 முதலே இருக்கிறது.

2018 அக்டோபர் 26 அன்று தீவு திறந்தது. ஒரு நேரத்தில் தீவில் தங்கும் பயணிகள் 19,215 பேரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். குழாயும் தொட்டியும் தாங்கும் அளவை வைத்து விருந்தாளிகளை எண்ணுவது நல்ல முறை. ஆனால் 2022 புனித வாரத்திலேயே அந்த வரம்பு மீறப்பட்டது.