உங்களுக்குத் தெரியுமா? திருகோணமலையின் குறுமரம் பூர்ச்சமன்று, ஆல்

ஐரோப்பாவின் குளிர்நிலங்களில் வளரும் வெள்ளிப் பூர்ச்ச மரத்தைப் போன்சாயாக, அதாவது ஆழமற்ற தொட்டியில் வேரையும் கிளையையும் அடக்கி வளர்க்கும் குறுமரமாக ஆக்குவோர், வசந்த காலத்தில் அதன் தடித்த கிளைகளை வெட்டுவதில்லை. சாறு ஏறும் அப்பருவத்தில் வெட்டுவாயிலிருந்து நீர் ஓயாது வடியும் என்பதோடு, வெளிப்படையான காரணமின்றியே கிளைகள் பட்டுப்போகும் இயல்பும் அம்மரத்துக்கு உண்டு. இலையுதிர்த்து உறங்கக் குளிர்காலம் வேண்டிநிற்கும் இம்மரம், ஆண்டு முழுதும் வெப்பம் தணியாத திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கு எவ்விதத்திலும் ஏற்றதன்று.

அங்கு போன்சாய்க் கலைக்கு உரியவை பழஞ்சுவர் வெடிப்பிலும் முளைத்துவிடும் ஆலும் அரசுமே. வெட்டியவுடன் கசியும் பால் உறைந்து காயத்தை மூடிவிடுவதால், ஆலின் கிளையைத் துணிந்து குறுக்கலாம். ஈரக்காற்று நிலைத்தால் குறுமரத்திலும் விழுது இறங்கும். ஆயினும் வளைப்பதற்காக அலுமினியக் கம்பி சுற்றிய கிளை விரைந்து பருப்பதால், சில வாரங்களிலேயே கம்பி பட்டையில் பதியத் தொடங்கும். அப்போது அதைச் சுற்றவிழ்க்க முயலாது, துண்டு துண்டாகத் தறித்தே அகற்ற வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் வீசும் வறண்ட கச்சான் காற்றில், காலையில் நனைத்த தொட்டி மாலைக்குள் உலர்ந்துவிடுவதால், இருவேளை நீர் இன்றியமையாதது.